பைக்கில் தனி ஃபியூஸ் பிளாக் பொருத்துவது எப்படி

கம்பெனியிலிருந்து வரும்போது பைக் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒன்றிரண்டு ஒயர்தான் இருக்கும். போன் சார்ஜர் மாட்டினால் இன்னொன்று சேரும். அப்புறம் ஃபாக் லைட், அப்புறம் பெரிய ஹார்ன், அப்புறம் கைப்பிடி ஹீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஒவ்வொன்றுக்கும் எங்கோ டேப் சுற்றி ஒளித்து வைத்த ஓர் இன்லைன் ஃபியூஸ் (ஒயருக்கு நடுவிலேயே மாட்டுவது). ஐந்தாவது லக்கைப் போடும்போது டெர்மினல் போல்ட்டுக்கு மரை எட்டாது. எட்டினாலும் அடுத்த முறை பேட்டரியைக் கழற்றும்போது எந்த ஒயர் எதற்கு என்று தெரியாது. இருட்டில் ஒரு விளக்கு அணைந்துவிட்டால் அதன் ஃபியூஸைக் கண்டுபிடிக்க சீட்டையும் டேங்கையும் கழற்ற வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலை அடியோடு தீர்ப்பது தனி ஃபியூஸ் பிளாக். பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த ஒயர் கிளம்பி, மெயின் ஃபியூஸ் வழியாக ரிலேவுக்குப் போகும். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். ரிலேவிலிருந்து பிளாக்குக்கு வரும். பிளாக்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ், தனிக் கிளை. சாவி போட்டால் ரிலே இழுக்கும், அதாவது உள்ளே தொடர்பு மூடும், எல்லாவற்றுக்கும் கரண்ட் போகும். சாவியை எடுத்தால் எல்லாம் செத்துவிடும். முதல் முறை செய்பவர் அவசரப்படாமல் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஃபியூஸ் இருப்பது கருவியைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. சின்ன பைக் பேட்டரிகூட ஷார்ட் ஆகும்போது நூறு ஆம்புக்கு மேல் சர்வ சாதாரணமாகத் தள்ளும். அந்தக் கரண்டில் மெல்லிய ஒயர் சில நொடிகளில் பழுக்கும், அதன் உறை எரியும். அந்த ஒயர் ஓடும் இடமோ பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸ் தனக்கு அப்பால் இருக்கும் ஒயரை மட்டுமே காக்கும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்குக் காவல் எதுவும் கிடையாது. ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 15 செ.மீ. போதும், 20ஐத் தாண்டக்கூடாது. ஒயர் தடிமன், ஃபியூஸ் அளவு, எதை எங்கே வைப்பது என்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

கணக்கு

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப். பைக் ஓடும்போது வோல்டேஜ் சுமார் 13.5 என்று வைத்துக்கொள்ளலாம். 40 வாட்ஸ் எல்இடி ஃபாக் லைட் ஜோடி 3 ஆம்ப் இழுக்கும். கைப்பிடி ஹீட்டர் 40 வாட்ஸ் என்றால் அதுவும் 3. வேகமாகச் சார்ஜ் ஏற்றும் யுஎஸ்பி சாக்கெட்டுக்கு 2 வைக்கலாம். இரட்டை ஹார்ன் அழுத்தும் நேரத்தில் மட்டும் 10 ஆம்ப் வரை கேட்கும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 18. மெயின் ஃபியூஸ் 20 ஆம்ப் போதும்.

கிளை ஃபியூஸுக்கு, கருவி இழுக்கும் ஆம்பை ஒன்றேகாலால் அல்லது ஒன்றரையால் பெருக்கி, அடுத்துக் கிடைக்கும் அளவை எடுக்க வேண்டும். 3 ஆம்ப் விளக்குக்கு 5, 10 ஆம்ப் ஹார்னுக்கு 15. பிறகு அந்த ஃபியூஸைத் தாங்கும் ஒயர் வேண்டும். 0.75 சதுர மி.மீ. ஒயருக்கு 7.5 ஆம்ப் ஃபியூஸுக்கு மேல் போடாதீர்கள். 1.5க்கு 15, 2.5க்கு 20, 4க்கு 30. கட்டாக ஓடும் ஒயர், வெப்பமான இடம் இரண்டையும் மனதில் வைத்த கட்டுப்பாடான அளவுகள் இவை. கிளை ஃபியூஸ்களையெல்லாம் கூட்டினால் மெயினைவிட அதிகமாக வருகிறதே என்று பலர் குழம்புவார்கள். அது தவறில்லை. மெயின் ஃபியூஸ் மெயின் ஒயரைப் பார்த்துக்கொள்கிறது, ஒவ்வொரு கிளையும் தன் ஒயரைப் பார்த்துக்கொள்கிறது.

தடிமனைத் தீர்மானிப்பது சூடு மட்டுமல்ல, வழியில் இழக்கும் வோல்டேஜும்தான். 0.75 செம்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 23 மில்லிஓம். பின்னால் இருக்கும் பிளாக்கிலிருந்து முன் விளக்குக்கு ஒன்றரை மீட்டர், திரும்பி வர ஒன்றரை, ஆக 3 மீட்டர். 3 ஆம்ப் போனால் 0.2 வோல்ட் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். அதே ஒயரில் 10 ஆம்ப் ஹார்னை ஓட்டினால் 0.7 வோல்ட் போய்விடும், சத்தம் கம்மும். 1.5 ஒயர் போட்டால் இழப்பு பாதியாகும்.

ஜெனரேட்டர் பக்கமும் பார்த்தாக வேண்டும். பைக்கின் சர்வீஸ் மேனுவலில் அது எத்தனை வாட்ஸ் தரும் என்று இருக்கும், கூடவே எந்த ஆர்பிஎம்மில் என்றும். அந்த எண் ஐட்லிங்கில் கிடைக்காது. ஹெட்லைட், ஃபியூவல் பம்ப், இக்னிஷன் எல்லாம் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் உங்களுக்கு. சின்ன இன்ஜின் பைக்கில் அந்த மிச்சம் மிகக் குறைவு. ஹீட்டரையும் விளக்கையும் சேர்த்துப் போட்டால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது பேட்டரி மெல்ல இறங்கும்.

வாங்க வேண்டியவை

ஆறு வழி கொண்ட, மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் பிளாக். அதில் நெகட்டிவ் பஸ்பாரும் (நெகட்டிவ் ஒயர்களையெல்லாம் சேர்க்கும் உலோகப் பட்டை) இருந்தால் மிக நல்லது. எட்டு வழி, பத்து வழி என்று அலைவதைவிட நெகட்டிவ் பட்டை உள்ள ஆறு வழி பிளாக் எவ்வளவோ மேல். ரிலே: 30 அல்லது 40 ஆம்ப், தண்ணீர் புகாத வகை, கூடவே அதன் சாக்கெட். ரப்பர் மூடியுள்ள இன்லைன் ஃபியூஸ் ஹோல்டர், அதன் ஒயரும் மெயின் ஒயர் தடிமனில் இருக்க வேண்டும். தடித்த ஒயருக்கு நடுவில் மெல்லிய ஹோல்டர் ஒயர் வந்தால் அதுதான் முதலில் சூடாகும்.

ஒயர் வாகனங்களுக்கானதாக, மெல்லிய உறையும் நிறைய இழைகளும் கொண்டதாக இருக்கட்டும். வீட்டு வயரிங் மிச்சத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும், உறையும் பெட்ரோலையும் இன்ஜின் சூட்டையும் தாங்கச் செய்ததல்ல. மேலே சொன்ன கணக்குக்கு 2.5 ஒயர் சிவப்பு ஒரு மீட்டர், கறுப்பு ஒரு மீட்டர்; ஹார்னுக்கு 1.5 ஒயர் 4 மீட்டர், மற்றவற்றுக்கு 0.75 ஒயர் 10 மீட்டர். கிளை ஒயர்களை வெவ்வேறு நிறத்தில் வாங்கினால் பின்னால் தலைவலி இல்லை.

இவை போக, 6 மி.மீ. ஓட்டையுள்ள வட்ட லக் ஆறு, பிளாக்குக்கும் ரிலே சாக்கெட்டுக்கும் ஏற்ற டெர்மினல்கள், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் உறை), துணி டேப், கேபிள் டை, தண்ணீர் புகாத இரண்டு பின் கப்ளர் (செருகிக் கழற்றும் இணைப்பு) கருவிக்கு ஒன்று. டாய்ட்ஷ் டிடி வகை கப்ளரின் வழக்கமான பின் 13 ஆம்ப் தாங்கும், விளக்கு, ஹார்ன் எல்லாவற்றுக்கும் போதும். ஃபியூஸ்கள் ஒவ்வோர் அளவிலும் மூன்று. நிறம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 2 ஆம்ப் சாம்பல், 3 ஊதா, 5 வெளிர் பழுப்பு, 7.5 அடர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

கருவிகளில் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ராட்செட் உள்ள கிரிம்பிங் பிளையர், அதாவது லக்கை ஒயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் பிளையர். முழுதாக அழுத்தும் வரை அது வாயைத் திறக்காது. சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும், மழைக்காலம் முடியும்போது பச்சை பூத்து நிற்கும்.

இடம்

சீட்டுக்கு அடியில், பேட்டரிக்கு அருகே, மூடியைத் திறந்து ஃபியூஸைக் கையால் எடுக்க முடிகிற இடம். சைலென்சர் பக்கம் வேண்டாம். பின் சக்கரம் மேலே எழும்பும் வழி வேண்டாம். பேட்டரிக்கு மேலேயே ஒட்டினால் பேட்டரி மாற்றும் நாளில் வருந்துவீர்கள். இடம் தேர்ந்ததும் ஒரு சோதனை: பிளாக்கின் மேல் ஒரு களிமண் உருண்டையை வைத்து, சீட்டைப் பூட்டி, அதன் மேல் முழு எடையுடன் உட்கார்ந்து எழுங்கள். நசுங்கிய உருண்டை எவ்வளவு தடிமனாக மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு மிச்சமுள்ள இடைவெளி. 5 மி.மீ.க்குக் கீழே வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பிளாஸ்டிக் மேல் ஒட்டுவதானால் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு இரட்டைப் பக்க ஃபோம் டேப் போடலாம். டேப்பை மட்டும் நம்பாமல் ஒரு கேபிள் டையும் போடுங்கள். ரிலே சாக்கெட்டின் ஒயர்கள் கீழ்நோக்கி இறங்கும்படி அமையட்டும். மேல்நோக்கி இருந்தால் ஒயரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

பேட்டரியைத் துண்டிப்பது

முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். திரும்ப மாட்டும்போது தலைகீழ். நெகட்டிவ் கழன்றிருந்தால் பாசிட்டிவ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டியிருந்தால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனர் ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசையை எத்தனை முறை சொன்னாலும் தகும். டேங்கைத் தூக்க வேண்டியிருந்தால் அதையும் இப்போதே எடுத்து, பெட்ரோல் வாடை அடங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஹீட் கன் கையில் எடுக்கும் நாளில் திறந்த பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருக்கக்கூடாது.

மெயின் லைனும் ரிலேவும்

ரிலேவின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30க்கு பேட்டரி பாசிட்டிவ், மெயின் ஃபியூஸ் வழியாக. 87இலிருந்து பிளாக்கின் பாசிட்டிவ் முனைக்கு. இந்த இரண்டும் 2.5 ஒயர். 86க்கு சாவி போட்டால் கரண்ட் வரும் சிக்னல் ஒயர், 85க்கு நெகட்டிவ். இந்த இரண்டுக்கும் 0.75 போதும், ரிலேவுக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் இழுப்பது 0.15 ஆம்ப் அளவுதான்.

ஐந்து கால் ரிலே வாங்கியிருந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். ரிலே இழுக்காத நிலையில் 30ம் 87ஏவும் ஒட்டித்தான் இருக்கும். அதாவது சாவி ஆஃப் ஆகும்போது அதில் கரண்ட் வரும், போடும்போது நிற்கும். பிளாக்கை அதில் கொடுத்தால் நிறுத்திய பைக்கில் எல்லாம் எரியும், ஓட்டும்போது அணையும். அதைவிட ஆபத்து, ஒயருடன் வரும் சாக்கெட்டில் 87ஏ ஒயரைத் தேவையில்லை என்று வெட்டி அப்படியே தொங்கவிடுவது. பைக் நிற்கும் நேரமெல்லாம் அந்த வெட்டிய முனையில் 12 வோல்ட் இருக்கும். சாக்கெட்டின் பின்பக்கத்திலிருந்து அந்த டெர்மினலையே உருவி எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் நான்கு கால் ரிலே வாங்குங்கள்.

ரிலே விடும் நொடியில் காயில் உள்ளேயிருந்து ஒரு வோல்டேஜ் அடி கிளம்பும். அதை அடக்க உள்ளே ரெசிஸ்டரோ டயோடோ உள்ள ரிலேவை எடுங்கள், பைக்கின் எலக்ட்ரானிக்ஸுக்கு நல்லது. டயோடு வகை என்றால் 86க்கு பாசிட்டிவ், 85க்கு நெகட்டிவ் என்பது கட்டாயம். மாறிப் போனால் டயோடு வழியே ஷார்ட் ஆகி சிக்னல் ஃபியூஸ் போகும்.

நெகட்டிவ் பஸ்பாரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனைக்கு அதே 2.5 கறுப்பு ஒயரை நேராக இழுங்கள். பக்கத்தில்தானே சேஸிஸ் இருக்கிறது என்று அதில் எர்த் கொடுக்கத் தோன்றும். பெயின்ட் தடுக்கும், துரு பிடிக்கும். ஹேண்டில்பாரில் உள்ள கருவியின் கரண்ட் ஸ்டியரிங் பேரிங் வழியாகத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும். விளக்கு மினுக்குவதில் பாதிக் கேஸ் இந்த எர்த்தில்தான் முடியும்.

பேட்டரி முனையில் தடித்த லக் அடியில், மெல்லியது மேலே. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் ஒயர் எப்போதும் ஈயத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சிக்னல் ஒயர் எங்கிருந்து

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர் வேண்டும். சீட்டுக்கு அடியில் கைக்கெட்டுவது டெயில் லைட் அல்லது நம்பர் பிளேட் விளக்கின் ஒயர். ஏபிஎஸ், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஃபியூவல் பம்ப், இக்னிஷன் காயில் இவற்றின் ஒயர்களைத் தொடவே கூடாது. அங்கே ஒரு லூஸ் கனெக்‌ஷன் ஓடும் பைக்கை நடுச்சாலையில் நிறுத்தும்.

தேடுவதற்கு மட்டும் பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனையை டெயில் லைட் கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் இடுக்கில் மெல்லச் செருகுங்கள். ஒயரைக் குத்தாதீர்கள், குத்திய ஓட்டையில் ஈரம் இறங்கும். சாவி ஆஃபில் 0, போட்டதும் 12க்கு மேல் காட்ட வேண்டும். பிரேக்கை அழுத்தினால் மட்டும் வருவது பிரேக் லைட் ஒயர், அதை விடுங்கள். இப்போது சாவியை லாக் நிலைக்கும், பார்க்கிங் நிலை இருந்தால் அதற்கும் திருப்பிப் பாருங்கள். சில பைக்குகளில் பார்க்கிங் நிலையில் டெயில் லைட் எரியும். அப்படியானால் ரிலேவும் இரவு முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும்.

கேன் பஸ் (பைக்கின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயர் இணைப்பு) உள்ள பைக்கில் இன்னொரு சிக்கல். எல்இடி டெயில் லைட்டை மங்கலாக எரிய வைக்க அதற்குக் கரண்டைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுப்பார்கள். மீட்டர் 4, 5 வோல்ட் என்று ஏதாவது காட்டும், ரிலே வண்டுபோல் ரீங்கரிக்கும். அங்கே கம்பெனி கொடுத்த ஆக்சஸரி கப்ளரின் ஒயரைப் பயன்படுத்துங்கள்.

ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம். அது இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும், மூடியும் ஈரத்தைத் தடுக்காது. ஒரிஜினல் கப்ளரைப் போன்ற ஆண், பெண் ஜோடி வாங்கி, நடுவில் ஒரு சின்ன ஒய் வடிவ இணைப்பு செய்து செருகுவதே சிறந்த வழி. பைக்கின் ஒயர் ஒன்றும் வெட்டுப்படாது, என்றைக்கு வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பிரியும் இடத்திலேயே 2 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். சிக்னல் ஒயர் எங்காவது நசுங்கினால் அது போகும், டெயில் லைட் அணையாது.

கிரிம்ப் செய்வது

இந்த வேலையின் தரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. முதலில் ஸ்லீவை ஒயரில் ஏற்றிவிடுங்கள், மறந்தால் லக்கை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். உறையை 5, 6 மி.மீ. உரித்து இழைகளை உற்றுப் பாருங்கள். ஒன்றிரண்டு அறுந்திருந்தால் ஸ்ட்ரிப்பரின் அளவு தவறு, வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். டெர்மினலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிக்க, பின் ஜோடி உறையைப் பிடிக்க. உறை இரண்டு ஜோடிக்கும் நடுவில் முடிய வேண்டும். செம்பு முன் சிறகைத் தாண்டி ஒரு மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு முன் சிறகுகள் இரண்டும் உள்பக்கம் சுருண்டு இழைகளுக்குள் புதைந்திருக்கும், பின்னால் பார்த்தால் ஒரு இதய வடிவம் தெரியும். அழுத்தாமல் வெளியே நிற்கும் இழை ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு ஒயரைக் கையால் பலமாக இழுங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லதாயிற்று.

கிரிம்புக்கு மேல் ஈயப் பற்று வைப்பதை வீட்டு எலக்ட்ரானிக்ஸ் பழகியவர்கள் விரும்புவார்கள். பைக்கில் வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சிபோல் விறைக்க வைக்கும். ஈயம் முடிந்து வளையும் ஒயர் தொடங்கும் விளிம்பில் அதிர்வு முழுக்கக் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

ஸ்லீவைச் சுருக்கும்போது விளிம்பில் பசை ஒரு வளையமாகக் கசிய வேண்டும். அதுவரை சூடு காட்டுங்கள். பசை தெரியவில்லை என்றால் தண்ணீருக்கு வழி இருக்கிறது.

கிளைகளை ஓட்டுவது

ஒயர்களை வெட்டும் முன் கருவிகளை அவற்றின் இடத்தில் மாட்டி, ஒயரை மாட்ட வேண்டிய வழியிலேயே ஓட்டி, அளந்து, 15 செ.மீ. கூட விட்டு வெட்டுங்கள். கம்பெனி ஒயர் கட்டு எந்த வழியில் போகிறதோ அதே வழிதான் நல்ல வழி. அந்த இடத்தின் சூட்டையும் அசைவையும் அவர்கள் ஏற்கெனவே பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதிகம் பழுதாகும் இடம் ஸ்டியரிங் கழுத்து. அங்கே ஒயர்கள் ஒரு தளர்வான வளைவில் போக வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள், எந்த ஒயரும் இறுகக்கூடாது, ஸ்டாப்பருக்கு நடுவில் மாட்டக்கூடாது. முன் ஃபோர்க்கை அழுத்தியும் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளோடு ஒயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள். எல்லாம் முடிந்து இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது ஐட்லிங் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், அப்படியே ஓட்டக்கூடாது.

இரண்டாவது இடம் டேங்க் உட்காரும் ரப்பர். டேங்க் இறங்கும்போது ஒயர் பக்கவாட்டில் நழுவி ரப்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போய்விடும். முதலில் ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து உறை தேய்ந்து, மேடு பள்ளத்தில் ஃபியூஸ் போகும், நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

ஒயர் கட்டு வெளியே தெரியும் இடங்களில் அதைப் பின்னல் ஸ்லீவிலோ பிளந்த குழாயிலோ நுழைத்து, முனைகளில் துணி டேப் சுற்றுங்கள். சாதாரண பிவிசி டேப் இன்ஜின் சூட்டில் பசை உருகி நழுவும், தொட்டால் கையெல்லாம் ஒட்டும். கேபிள் டையை ஒயர் நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

ஒவ்வொரு கருவிக்கும் அருகில் ஒரு கப்ளர் வைத்தால் கருவியை மட்டும் கழற்றலாம். பேட்டரி பக்கத்துக் கப்ளரில் எப்போதும் உள்ளடங்கிய பெண் டெர்மினல் வர வேண்டும். துருத்தி நிற்கும் ஆண் டெர்மினல் கரண்டோடு தொங்கினால் எதிலாவது பட்டு ஷார்ட் ஆகும்.

பெரிய ஹார்னுக்கு மட்டும் இன்னொரு ரிலே தேவை. பைக்கின் ஹார்ன் பட்டனும் அதன் ஒயரும் 10 ஆம்புக்குச் செய்தவை அல்ல. பழைய ஹார்னுக்கு வந்த இரண்டு ஒயர்களையும் இந்த ரிலேவின் 85, 86க்குக் கொடுத்து, பிளாக்கின் 15 ஆம்ப் கிளையை 30க்கும், 87இலிருந்து ஹார்னுக்கும் கொடுங்கள். பல பைக்குகளில் பட்டன் எர்த் பக்கம்தான் துண்டிக்கும், ஆனாலும் இரண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டால் எந்த வகையாக இருந்தாலும் வேலை செய்யும். டயோடு ரிலே என்றால் மட்டும் பாசிட்டிவ் எது என்று பார்த்துக் கொடுங்கள். ஹார்னின் திரும்பும் ஒயரும் நெகட்டிவ் பஸ்பாருக்கே வரட்டும்.

பேட்டரிக்குச் சார்ஜர் போடும் ஒயரைப் பிளாக்கில் கொடுக்காதீர்கள், சாவி ஆஃபில் அங்கே பேட்டரியோடு தொடர்பு இல்லை. அதற்குத் தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து ஒரு கப்ளர் இறக்குவதே முறை.

உயிர் கொடுக்கும் முன்

ஃபியூஸ் எல்லாம் வெளியே, கருவிக் கப்ளர்கள் கழன்ற நிலையில், மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து பாசிட்டிவ் பட்டைக்கும் நெகட்டிவ் பட்டைக்கும் நடுவில் சோதியுங்கள். ஒலிக்கக்கூடாது. ஒவ்வொரு கிளையின் வெளிமுனையையும் நெகட்டிவோடு வைத்துப் பாருங்கள், ஒலிக்கக்கூடாது. கறுப்பு ஒயர்கள் ஒவ்வொன்றும் பஸ்பாரோடு ஒலிக்க வேண்டும்.

பேட்டரியை பாசிட்டிவ், நெகட்டிவ் வரிசையில் மாட்டி, மெயின் ஹோல்டரில் 20க்குப் பதில் 5 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். எங்காவது தவறு இருந்தால் அந்தச் சின்ன ஃபியூஸ் சீக்கிரம் போய்ச் சொல்லிவிடும். சாவி போட்டால் ரிலே ஒருமுறை டிக் என்று ஒலிக்க வேண்டும், பட்டையில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். சாவி எடுத்தால் 0. பிறகு 10 ஆம்ப் ஹார்னைத் தவிர மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து, அதனதன் ஃபியூஸைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் மெயினுக்கு 20 போட்டு ஹார்னையும் பாருங்கள்.

அடுத்து வோல்டேஜ் இழப்பு. விளக்கு, ஹீட்டர் எல்லாம் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பிளாக்கின் பாசிட்டிவ் பட்டையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. 2.5 ஒயரின் தடை மீட்டருக்கு 7 மில்லிஓம்தான், அரை மீட்டரில் 8 ஆம்புக்கு 0.03 வோல்ட்தான் போகும். ஆகவே அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி ஒயர் அல்ல, ஏதோ ஒரு கிரிம்ப் அல்லது ஃபியூஸ் ஹோல்டர். முனையை இணைப்பு இணைப்பாக நகர்த்தினால் எங்கே எண் தாவுகிறதோ அங்கேதான் பழுது. நெகட்டிவ் பக்கமும் இதேபோல்.

நிற்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்பதையும் பாருங்கள். சாவி ஆஃப். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி மீட்டரை நடுவில் போடுங்கள், முதலில் 10 ஆம்ப் நிலையில், எண் சிறியதென்று தெரிந்த பிறகு மில்லிஆம்பில். கடிகாரம், ஈசியூவுக்குச் சில மில்லிஆம்ப் போவது இயல்பு. மெயின் ஃபியூஸை எடுத்தாலும் எண் மாறக்கூடாது. மாறினால் ரிலே விடவில்லை அல்லது ஏதோ ஒரு ஒயர் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. 20 மில்லிஆம்ப் என்பது ஒரு நாளைக்கு அரை ஆம்ப் மணி. 8 ஆம்ப் மணி பேட்டரி இரண்டு வாரத்தில் காலி, அதற்கு வெகு முன்பே செல்ஃப் எடுக்காது. மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போட்டாலோ ஸ்டார்ட்டரை அழுத்தினாலோ மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

கடைசியாக இன்ஜினை ஓடவிட்டு எல்லாவற்றையும் எரியவிடுங்கள். 3,000, 4,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஐட்லிங்கில் 13ஐ ஒட்டி நின்றால் போதும். 12.8க்குக் கீழே போய் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் நிற்கும் இடங்களில் ஹீட்டரை அணைக்கும் பழக்கம் வேண்டும்.

பின்னால் வரும் பழுதுகள்

போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடும் ஆசையை அடக்குங்கள். 5 ஆம்ப் போன இடத்தில் 15 போட்டால் பழுது சரியாகாது, 0.75 ஒயர்தான் ஃபியூஸ் ஆகும். ஹேண்டில் திருப்பும்போது மட்டும் போகிறதா, கழுத்தைப் பாருங்கள். மழையில் மட்டும் போகிறதா, கப்ளரின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

ஃபியூஸ் போகாமலே அதன் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதிகக் கரண்ட் காரணமல்ல, ஃபியூஸின் காலை ஹோல்டர் இறுகப் பிடிக்கவில்லை. புது ஃபியூஸ் போட்டாலும் மறுபடி உருகும், ஹோல்டரையே மாற்றுங்கள். ரிலே படபடவென்று அடித்துக்கொண்டால் சிக்னல் ஒயரிலோ 85இன் எர்த்திலோ லூஸ், அல்லது பேட்டரியே இறங்கிவிட்டது.

செல்ஃப் அடிக்கும்போது ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் சூடானால் உடனே நிறுத்துங்கள். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பெரிய எர்த் லூஸாகி, ஸ்டார்ட்டரின் கரண்ட் முழுவதும் ஃபாக் லைட் பாடி வழியாக உங்கள் பஸ்பாருக்குத் திரும்புகிறது. நெகட்டிவ் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை, அதைத் தடுக்க எதுவும் கிடையாது. பேட்டரி முனையையும் இன்ஜின் பக்கத்து போல்ட்டையும் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் சீட்டைத் திறந்து, டெர்மினல் போல்ட்களை ஒரு முறை இறுக்கி, ஸ்டியரிங் கழுத்திலும் டேங்க் ஓரத்திலும் உறையில் தேய்மானத் தடம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளாக் மூடியின் உள்பக்கம் எந்த வழி எந்தக் கருவிக்கு, எத்தனை ஆம்ப் என்று அழியாத பேனாவால் எழுதி, மாற்று ஃபியூஸ்களை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு அதன் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.